அடைத்த கடையைத் தட்டினவள்

எனக்கு எண்பத்தோரு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்ததும் ஐந்து. இப்போது இருப்பது நாலு பேர். ஆனாலும் யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்லுவேன். ஒன்பது வருஷம் இடுப்பிலும் தோளிலும் தூக்கித் திரிந்ததை வளர்க்கவில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் கிடையாது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். திருநெல்வேலிப் பக்கம் ஓலைக் கூரைப் பள்ளிக்கூடத்தில் கற்றது இந்தத் தமிழ் எழுத்து. திருவனந்தபுரத்துக்கு வாழ வந்தபிறகு பஸ்ஸின் நெற்றியையும் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்து மலையாளமும் பாதி வாசிப்பேன். எழுதினால் கோழி கிளறினது போல இருக்கும். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரமுள்ளவர்கள் வேறு ஏதாவது வாசித்துக்கொள்ளட்டும்.

என்னைக் கட்டியவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. சொந்தத் தாய்மாமன். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, அதற்குப் பின்னாலும் மாமா. கூப்பிடுவதில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் வீட்டில் வழி வழியாக அப்படித்தான். "அசலில் போய்க் கண்ணைக் கசக்குற தலையெழுத்து நம்ம பிள்ளைகளுக்கு இல்லை" என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அசல் என்றால் சொந்தமில்லாத குடும்பம். பிழைக்க மலையாளத்து ஊருக்குப் போனவர்கள், பிள்ளைகள் யாரோடும் கலந்து பிரிந்துவிடக் கூடாது என்று அந்த முறையை இன்னும் இறுக்கிப் பிடித்தோம். எனக்கும் அதில் பெருமைதான்.

மாமாவுக்கு ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்தக் கடையில் வேலை. காலையில் கடை திறப்பது அவர் பொறுப்பு. அந்தக் காலத்தில் இரும்பு ஷட்டர் எல்லாம் கிடையாது. நிரைப்பலகைதான். மேலேயும் கீழேயும் மரத்தில் காடி வெட்டியிருக்கும். அதில் நீளப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி அடைப்பார்கள். ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும். வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. சாலைக் கடைத்தெரு முழுக்க விடிந்தால் அந்தப் பலகைச் சத்தம்தான். டொக், டொக் என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வரும்.

எமர்ஜென்சி வந்த வருஷம் ஐந்தாவதாக என் சின்னவள் பிறந்தாள். மற்ற நாலையும்விடத் தடித்த பிள்ளை. பிறந்த அன்றே தக்காளிப்பழம் போலச் சிவந்திருந்தாள். ஐந்தாறு மாசம் வரைக்கும் பார்க்கிறவர்கள் கண் படுமே என்று நெற்றியிலும் கன்னத்திலும் பெரிதாக மை வைப்பேன். அதற்கப்புறம் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை, மை மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி இருந்த முகம் வெளுத்துப் போயிருந்தது.

கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றினேன். அந்த வீட்டில் மிளகாய்க்கா பஞ்சம்? மாந்தம் என்றார்கள், உரை மருந்து கொடுத்தேன். ரத்தம் போதவில்லை என்றார்கள். முருங்கைக்கீரையை இரும்புச் சட்டியில் வதக்கி, அரைத்து, பிழிந்து சாறாகக் கொடுத்தேன். கருப்பட்டியும் பேரீச்சம்பழமும் கரைத்துக் கொடுத்தேன். வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. நாலடி தவழ்ந்தால் மூச்சு வாங்கி, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவாள்.

பெரிய ஆசுபத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தாள். மலையாளத்துப் பெண், சின்ன வயசு, எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசுவாள். பிள்ளையின் ரத்தத்தையும் எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். மறுபடி வரச் சொன்ன அன்று முதல் கேள்வியாக அதைக் கேட்டாள்.

"நிங்ஙள் தம்மில் ரக்தபந்தம் உண்டோ?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "சொந்தத் தாய்மாமனாக்கும். அசல் இல்லை."

அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். நான் சொன்ன பெருமை அந்த மேசையைத் தாண்டி அவளிடம் போய்ச் சேரவில்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

மாமா கேட்டார், "சோகைதானே டாக்டரே? மருந்து குடுத்தா மாறாதா?"

"சேட்டன் எங்கே ஜோலி?" என்றாள் அவள்.

"ஆரியசாலையில. மிளகாய்க் கடை."

"அப்போ உங்க கடைத்தெருவை வச்சே சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் சொன்னதை இத்தனை வருஷமாக மனசுக்குள் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறேன். என் வார்த்தையில் எழுதுகிறேன்.

நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத பொடித் துணுக்குகளால் ஆனதாம். செல் என்றாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் ஒரு முழுக் கடைத்தெரு இருக்கிறதாம். கண்ணுக்கு வேண்டியது விற்கும் கடை, தோலுக்கு வேண்டிய கடை, ரத்தத்துக்கு வேண்டிய கடை என்று எல்லாக் கடையும் எல்லாச் செல்லிலும் உண்டு. ஆனால் எல்லாம் திறந்திருக்காது. கண்ணில் இருக்கிற செல்லில் கண்ணுக்கான கடை மட்டும் திறக்கும், மற்றதெல்லாம் நிரைப்பலகை போட்டு அடைத்திருக்கும். ஈரலில் வேறு கடை. எது திறக்கணும், எப்போது அடைக்கணும் என்று உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதனால்தான் கண் கண்ணாகவும் நகம் நகமாகவும் இருக்கிறது.

"பிள்ளை அம்மை வயித்தில கிடக்கும்போது ரத்தத்துக்கு ஒரு கடை திறந்திருக்கும். வயித்துக்குள்ள வேண்டிய ரத்தம் அது. பிறந்து கொஞ்ச மாசத்தில அந்தக் கடை மெல்ல மெல்ல அடைக்கும். பக்கத்தில பெரியவங்களுக்கான கடை திறக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான்."

"இவளுக்கு?" என்றேன்.

"இவளுக்கும் பழைய கடை சரியான நேரத்தில அடைச்சாச்சு. புதுக் கடை திறந்தது. உள்ள சரக்கு இல்லை, அம்மா."

சரக்கு இல்லாமல் போனது எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் வந்ததாம். ஆளுக்கு அப்பன் வழி ஒன்று, அம்மை வழி ஒன்று என்று அந்தக் கடை இரண்டாக இருக்குமாம். எனக்கும் மாமாவுக்கும் ஒன்று நல்லது, ஒன்று வெறுங்கடை. ஒன்றை வைத்துப் பிழைத்துவிட்டோம். ஒரே வீட்டு ரத்தமானதால் இரண்டு பேரிடமும் அதே வெறுங்கடை. பிள்ளைக்கு அந்த இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. மூத்த நாலு பேருக்கும் அப்படி விழவில்லை.

மாமா தரையைப் பார்த்தபடி இருந்தார். நான்தான் கேட்டேன். "பழைய கடை இருக்கா, இடிஞ்சிட்டா?"

"இருக்கு. எல்லாச் செல்லிலயும் பத்திரமா இருக்கு. உள்ள சரக்கும் நல்லதுதான்."

"அப்போ அதைத் திரும்பத் திறக்கப்படாதா?"

 "உலகத்தில சில பேருக்கு அந்தக் கடை அடைக்கவே அடைக்காது. அவங்க ஒரு கேடும் இல்லாம இருக்காங்க. ஏன் அடைக்கலைன்னும் தெரியலை, அடைச்சதை எப்படித் திறக்கணும்னும் இப்போ யாருக்கும் தெரியலை" என்றாள்.

வெறும் நோய் என்றால் தாங்கியிருப்பேன். பிள்ளைக்கு வேண்டியது பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது, பலகை போட்டு வைத்திருக்கிறது என்று கேட்டதை எப்படித் தாங்குவது? வீட்டில் நெல் இருக்கிறது, பத்தாயம் திறக்கவில்லை என்றால் பட்டினி எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அன்றிலிருந்து மூன்று வாரம், நாலு வாரத்துக்கு ஒரு முறை அடுத்தவர் ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை நடமாடும். ஒரு பாட்டில் எடுத்தால் பதிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் சில மாசத்துக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஆள் தேடுவது மாமா வேலை. கடைக்கு வருகிற சரக்குக்காரர், ஓட்டல் தொழிலாளி, மூட்டைச் சுமடு எடுக்கிறவர் என்று யாரையாவது கூட்டி வருவார். நான் யாரிடமும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கை உப்புக்கூடக் கேட்டு நின்றவள் இல்லை நான். அப்படி வளர்ந்துவிட்டேன்.

முருங்கைக்கீரையை நிறுத்தச் சொன்னார்கள். ஏற்றுகிற ரத்தத்தில் வரும் இரும்பே உடம்பில் தங்கித் தங்கி இதயத்தைக் கெடுக்குமாம். பிறகு ஒரு சமயம், சாப்பாட்டோடு பால் இல்லாத தேயிலை கொடுங்கள், இரும்பு உள்ளே போவதைக் கொஞ்சம் தடுக்கும் என்றாள் டாக்டரம்மா. சோற்றுத் தட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன கிளாஸ் கட்டஞ்சாயா. தெருவில் பேச்சு வந்தது.

"பச்சைப் பிள்ளைக்குக் கட்டஞ்சாயாவா? கீரை குடுக்கப்படாதாம், சாயா குடுக்கணுமாம்! இதென்ன ஊர்ல இல்லாத வைத்தியம்?" என்றாள் எதிர்வீட்டு மதினி.

என் சின்னவளே பதில் சொன்னாள். "அத்தை, உங்களுக்கு வேணும்னா ஒரு கிளாஸ் தாரேன். உங்க வீட்டுல பால் சாயாவே தண்ணியாத்தானே இருக்கும்."

மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய் மட்டும் அவளுக்கு ஒருநாளும் வெளுத்ததில்லை.

கடைத்தெருக் கதை அவளுக்கும் தெரியும். ஆசுபத்திரியில் எங்களோடு இருந்து கேட்டுக் கேட்டு அது அவளுக்குச் சொந்தக் கதையாகிவிட்டது. "என் பழைய கடைக்காரன் தூங்குதான்" என்பாள்.

அவளுக்கு ஏழு வயசு நடக்கும்போது ஒரு பந்த் வந்தது. மாமா என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். மறுநாள் வந்துவிடுவதாகப் பேச்சு. அதற்குள் பந்த், பஸ் இல்லை. பிள்ளைக்கு அந்தத் தடவை காய்ச்சல் வந்து ரத்தம் ஏற்றும் நாள் தள்ளிப் போயிருந்தது. காலையில் எழுப்பினால் உதடு காகிதமாக இருக்கிறது. சுவரைப் பிடித்து நிற்க முடியவில்லை. மூத்தவன் பரீட்சைக்குப் படிக்க வெளியூர் போயிருந்தான். மற்றவர்கள் சின்னப் பிள்ளைகள்.

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் பலகை போட்ட கடைகள். அந்தத் தெருவை அப்படி நான் பார்த்ததே கிடையாது. பிள்ளை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "எல்லாரும் அடைச்சாச்சே அம்மா" என்றாள்.

பந்த் நாளில் சுமட்டுக்காரர்கள் கடைக்குள் இருந்து பலகையைப் போட்டுவிட்டுச் சீட்டு விளையாடுவார்கள் என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மிளகாய்க் கடை முன்னால் போய் நின்றேன். கை எழும்பவில்லை. என்ன என்று கேட்பது, எப்படிக் கேட்பது என்று வாய் வரவில்லை. பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் புஸ், புஸ் என்று பட்டது. பலகையைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல். "யாருடே? பந்த்னு தெரியாதா? இன்னைக்கு ஒரு மிளகாய்கூடக் கிடைக்காது."

"மிளகாய் வேண்டாம். ரத்தம் வேணும்."

உள்ளே சீட்டுப் போடும் சத்தம் நின்றது. ஒரு பலகை விலகியது. மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர், மலையாளத்து மனுஷர், நரைத்த மீசை, தலையை நீட்டினார். "இது நம்ம பிள்ளைச்சேட்டனோட வீட்டுக்காரியல்லே?" என்றார். மாமாவைக் கடையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் கேள்வி கேட்கவில்லை. டொக், டொக் என்று மற்றப் பலகைகளையும் எடுத்தார்கள்.

வண்டி கிடையாது, ஆட்டோ கிடையாது. கடையின் கைவண்டியில் காலிச் சாக்குகளைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தார்கள். மிளகாய்ச் சாக்கு. தம்பானூர் தாண்டுகிற வரைக்கும் பிள்ளையும் தும்மல், இழுக்கிறவனும் தும்மல், கூட நடக்கிற நானும் தும்மல். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன், நாகர்கோவில்காரன், ஒல்லி, "நான் ரத்தம் குடுத்தா பிள்ளைக்கு நேரா நடக்க வராது மக்கா. எனக்கு உள்ள ஓடுறது பூரா கள்ளு" என்றான்.

"அப்போ நீங்க சாயா குடிங்க மாமா, நான் கள்ளு குடிக்கேன்" என்றாள் படுத்தபடியே. வண்டி இழுத்தவன் சிரித்துச் சிரித்து வண்டியை நிறுத்திவிட்டான்.

பாளையத்தில் கொடி பிடித்த நாலைந்து பேர் மறித்தார்கள். பந்த் அன்றைக்குச் சரக்கு கொண்டுபோகக் கூடாது என்றார்கள். தலைவர் சாக்கை ஓரமாக விலக்கிக் காட்டினார். "சரக்கில்லடா. நம்ம கொச்சுப்பிள்ளை." மறித்தவர்களில் ஒருவன் கொடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எங்களோடு நடந்து வந்தான். அவனும் ரத்தம் கொடுத்தான். அவன் யார், எங்கே வீடு என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் அவள் உதட்டில் நிறம் திரும்பியது. ரத்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, அடைச்ச கடையைத் தட்டினா திறக்காங்கல்லா?"

"திறப்பாங்க மக்ளே."

அன்று முதல் அது அவள் வழக்கமாகிவிட்டது. காலையில் கண் விழித்ததும் இரண்டு விரலை மடக்கித் தன் நெஞ்சில் தட்டுவாள். டொக், டொக். காதைச் சாய்த்துக் கேட்பாள். "இன்னும் எழும்பலை" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போவாள். மாமா அதைப் பார்க்க மாட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகக் கடைக்குப் போய்விடுவார்.

ஒன்பதாவது வயசில் அவள் முகம் கறுக்கத் தொடங்கியது. இரும்பு என்றார்கள். கால் வீங்கியது, இதயம் களைத்துவிட்டது என்றார்கள். இரும்பை வெளியே எடுக்க ஒரு மருந்து உண்டு, இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் உங்களால் முடியாது என்றாள் டாக்டரம்மா. சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்களோடு அவளும் அழுதிருக்கிறாள்.

ஒரு காலை. மாமா கடைக்குப் போயாகிவிட்டது. நான் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பின்னி முடித்து மறு பக்கம் எடுத்தேன். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். ஒரு தட்டுதான் தட்டினாள். கை அங்கேயே இருந்தது.

ஆள் ஓடிச் சொன்னபோது மாமா பாதிப் பலகைகளை எடுத்திருந்தாராம். எடுத்த பலகைகளை ஒவ்வொன்றாக எண் பார்த்து, வரிசை தப்பாமல் திரும்பப் போட்டு அடைத்துவிட்டுத்தான் வந்தார். "நாங்க போடுறோம், நீங்க போங்க"ன்னு சொன்னோம், கேட்கவில்லை என்று தலைவர் பிறகு சொன்னார். மாமா ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நாலைந்து வருஷம் கழித்து என் அண்ணன் என் மூத்த மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தான். முறை. தட்டும் பூவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு வா என்றேன். "என் பிள்ளை ரத்தத்துல குறை சொல்லுதியா?" என்று எழுந்துவிட்டான். "உன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதான், அதனாலதான் சொல்லுதேன்" என்றேன். சாகிறவரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை. மகளை அசலில் கொடுத்தேன். அவள் வயிற்றுப் பேத்திதான் இப்போது என்னோடு இருப்பவள், பெரிய படிப்புப் படிக்கிறவள்.

இந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் கல்லூரியிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆச்சி, அந்தச் சித்தி கடை இருக்குல்லா, அதைத் திறக்க வழி கண்டுபிடிச்சாச்சு" என்றாள்.

வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

அந்தக் கடைக்குப் பூட்டே கிடையாதாம். வாசலில் ஒரு காவல்காரன் இருக்கிறானாம். பிள்ளை பிறந்த பிறகு அவன் வந்து, திறக்கவிடாமல் குறுக்கே உட்கார்ந்துகொள்கிறானாம். இப்போது எலும்புக்குள் இருந்து செல்லை வெளியே எடுத்து, அந்தக் காவல்காரனை வரவிடாமல் செய்து, திரும்ப உள்ளே விடுகிறார்களாம். அவன் இல்லை என்றால் பழைய கடை தானே திறந்து, வயிற்றுக்குள் கிடந்தபோது செய்த அதே ரத்தத்தைச் செய்கிறதாம். எங்கோ தூரதேசத்தில். எல்லாருக்கும் கிட்டுகிற காரியம் இல்லையாம். ஆனால் திறக்கிறதாம்.

"ஆச்சி, சந்தோஷமா இல்லையா?" என்றாள்.

சந்தோஷம்தான். யார் வீட்டுப் பிள்ளையோ பிழைக்கும். ஆனால் என் பிள்ளை விளையாட்டுக்குத் தட்டினாள் என்று நாற்பது வருஷம் மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அவள் தட்டினது சரியான கதவுதான். உள்ளே சரக்கு இருந்தது. ஒருத்தன் எழுந்து வழி விட்டிருந்தால் போதும். அவனிடம் கேட்க ஒரு வாயில்லை எங்களுக்கு. ஆரியசாலைக் கடையைத் தட்டிக் கேட்டேன், திறந்தார்கள். இதைத் தட்ட எனக்குக் கை எட்டவில்லை.

அதனால்தான் எழுதினேன். எழுதி முடிக்க மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

கல்லூரிக்காரி மக்ளே, இங்க வா. மலையாளத்தில் படித்த உனக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறும், எனக்குத் தெரியும். பரவாயில்லை, எழுத்துக்கூட்டியே வாசி. எனக்கு அவசரம் இல்லை. மிளகாய்ச் சாக்கு வண்டியில் அவள் தும்முகிற இடத்திலிருந்து ஆரம்பி. அவள் தலை வாரின இடம் வந்தால் நிறுத்திக்கொண்டு, திரும்பவும் வண்டிக்கே போ.